நாப்போலியில் உன் தம்பியோடு ஒரு பகல்

என் பிலோமிக்கு,

ஏளா, கப்பல் ஏறாமலே கடல் தாண்டி வந்துவிட்டேன். இத்தாலியில் நாப்போலி என்கிற ஊரில், நம் மகள் ஜெசி இருக்கும் கன்னியர் மடத்தின் விருந்தாளி அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஒரே பகலில் இவ்வளவு பார்த்துவிட்டு உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்லுவேன்?

நாளை மறுநாள் ஜெசி, சாகும்வரை கன்னியாஸ்திரியாகவே இருப்பேன் என்று நித்திய வார்த்தைப்பாடு கொடுக்கிறாள். மடத்தார் வீட்டிலிருந்து இரண்டு பேரை அழைத்திருந்தார்கள். நீயும் நானும் வந்திருக்க வேண்டிய பயணம். உன் இடத்தில் உன் தம்பி சூசை வந்திருக்கிறான். தாய்மாமன் இல்லாமல் மருமகளுக்கு ஒரு விசேஷமா என்று தானே பாஸ்போர்ட் எடுத்துவிட்டான். கன்னியாஸ்திரிக்குப் பட்டும் நகையும் சீர் வைக்க முடியாதே. அதனால் பேக்கரியில் இரண்டு பெட்டி முந்திரி மக்ரூன் வாங்கி, நொறுங்காமல் இருக்க விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான். பணிப்பெண் வாங்கி மேலே வைக்க வந்தாள். "வேண்டாம் தாயி, இது சீரு. என் கையிலதான் இருக்கணும்" என்றான். அவளுக்கு என்ன புரிந்ததோ, சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

நேற்று ஜெசி எங்களைக் கட்டிப்பிடித்து ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள். மெலிந்திருக்கிறாள், ஆனால் நன்றாக இருக்கிறாள், கவலைப்படாதே. இன்று காலை முதல் தியானம், யாரோடும் பேசக்கூடாதாம். அதனால் சூசையின் போனில் மொழிபெயர்க்கிற ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தாள். தமிழில் பேசினால் அது இவர்கள் பாஷையில் சொல்லும். அந்தத் தைரியத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் காலையில் ஊர் பார்க்கக் கிளம்பினோம்.

என்ன ஊர் என்கிறாய். கை நீட்டினால் எதிர்வீட்டுச் சுவர் தட்டுகிற சந்துகள், அதற்குள் ஸ்கூட்டர்கள் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போகின்றன. தலைக்கு மேலே இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்குக் கொடி கட்டி, ஊர்த் துணியெல்லாம் துவைத்துக் காய்கிறது. மூலைக்கு மூலை குருசடி, மாதாவுக்கு முன்னால் சீரியல் பல்பு. ஒவ்வொன்றிலும் நின்று சிலுவை போட்டுக்கொண்டு சூசை வந்ததில், பத்து நிமிஷ நடைக்கு ஒரு மணி நேரம் ஆனது. ஐரோப்பா என்றால் ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமாக, சத்தமில்லாமல் இருக்கும் என்று பயந்து வந்தேன். இது திருவிழாக் காலத்து நம் தெரு. எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

ஓரிடத்தில் நான்காவது மாடியிலிருந்து ஒரு பாட்டியம்மா கயிற்றில் கூடையை இறக்கினாள். கீழே ரொட்டிக் கடைக்காரர் ரொட்டியை வைத்தார், கூடை மேலே போனது. சூசை கழுத்து வலிக்கப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"மச்சான், அங்கன பாரும். கயிறு சுவத்துல ஒரசாம எடுக்கா. பழகின கை" என்றான்.

கயிற்றைப் பற்றி அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

கடலுக்கு வழி கேட்டதுதான் கூத்து. "கடலுக்கு எங்கன போவணும்?" என்று ஒரு போலீஸ்காரரைப் பார்த்து சூசை போனில் பேசினான். அது என்னத்தைச் சொல்லித் தொலைத்ததோ, போலீஸ்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நம் ஊர்த் தமிழ் அதற்கு ஆகவில்லை. உன் தம்பி சும்மா விடுவானா? தொண்டையைச் செருமிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசகம் வாசிக்கிற குரலில், "கடற்கரைக்குச் செல்லும் வழி எது?" என்றான். போலீஸ்காரர் உடனே கை காட்டிவிட்டார்.

கடற்கரைக்குப் போகிற வழியில் ஒரு பெரிய சாலையைக் கடக்கும்போது என் ஸ்வெட்டரின் பின்பக்கம் ஒரு இழுப்பு. நான் நின்றுவிட்டேன். மூக்குக்கு முன்னால் ஒரு ஸ்கூட்டர் பறந்தது. திரும்பிப் பார்த்தால், சூசை என் ஸ்வெட்டர் நுனியைச் சுருட்டிக் கையில் பிடித்திருக்கிறான். காலையிலிருந்தே பிடித்திருக்கிறான் போல. எனக்கும் அது தெரியவில்லை, அவனுக்கும் அது தெரியவில்லை.

பிலோமி, இங்கேதான் உன்னிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. அன்று முதல் நான் சங்கு குளிக்க இறங்கவில்லை. கேட்பவர்களிடம் காது வலி என்று சொல்லி வைத்திருக்கிறேன். காதுக்கு ஒன்றும் இல்லை. கடலுக்குள் இறங்குகிறவனின் கயிறோ காற்றுக் குழாயோ, அதைப் படகிலிருந்து பிடிக்கிறவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவனாக இருக்க வேண்டும் என்பது நம் கரையின் வழக்கம். கூடப் பிறந்தவள் தாலி அறுக்க எவன் கை தளர விடுவான்? அப்படித்தான் நம் கல்யாணம் முடிந்த மாதமே, பத்தொன்பது வயசுப் பையனாக சூசை என் கயிற்றைப் பிடித்தான். இருபத்தெட்டு வருஷம் அவன் கை தளரவில்லை.

இப்போது நீ இல்லை. அக்காள் உண்டானால் மச்சான் உண்டு என்று சும்மாவா சொன்னார்கள்? எந்த முகத்தோடு அவனைக் கூப்பிடுவது என்று நான் இருந்துவிட்டேன். அவனும் கேட்கவில்லை. ஐஸ் ஏற்றுகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். வேறு ஒரு படகுக்கு அவனைக் கூப்பிட்டிருப்பதாக நம் தெரேஸ்புரம் கரையில் பேச்சு. ஜெசியின் விசேஷம் முடிந்து ஊருக்குப் போனதும் அவன் அந்தப் படகுக்குப் போய்விடுவான், நமக்குள் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேதான் விமானம் ஏறினேன்.

கடலைப் பார்த்தோம். அடேயப்பா, அந்த நீலம். அக்கரையில் ஒரு எரிமலை ஒன்றும் தெரியாதது போல் உட்கார்ந்திருக்கிறது. கை விரித்து அளந்தால் எத்தனை பாகம் ஆழம் இருக்கும் என்று கண் தானாக அளந்தது, குதித்துவிடலாமா என்று கால் துறுதுறுத்தது. சூசையும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "தெளிஞ்ச தண்ணி" என்றான்.

திரும்பும் வழியில் ஒரு கடை. சிப்பியிலும் சங்கிலும் முகம் செதுக்கி விற்கிறார்கள். கண்ணாடி போட்ட ஒரு அம்மா, விரல் நீள உளியால் சங்கு ஓட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நம் சங்கு இல்லை, குண்டான வேறு சாதி. அலமாரி முழுக்கச் செதுக்காத சங்குகள். சங்கு குளிக்கிறவன் எந்தச் சங்கைக் கண்டாலும் வலம்புரியா என்று திருப்பிப் பார்க்காமல் விடுவானா? நான் ஒரு பக்கம், சூசை ஒரு பக்கம், அலமாரியில் இருந்த அத்தனையையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டோம். அந்த அம்மா எழுந்து ஓடிவந்தார். எங்களைத் திருடர்கள் என்று நினைத்திருப்பார்.

சூசை என்னைக் காட்டி, மூச்சை அடக்கிக் கன்னத்தை உப்பி, கீழே போய்ச் சங்கு எடுத்து வருவதை நடித்துக் காட்டினான். தன்னைக் காட்டி, கயிறு பிடிப்பதையும் காட்டினான். அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் சங்கைச் செதுக்கியவர், அதைக் கடலிலிருந்து எடுக்கிறவனை இப்போதுதான் பார்க்கிறார் போலும். நாற்காலி போட்டார், சின்னக் கோப்பையில் காப்பி தந்தார். பிறகு இரண்டு ஆட்காட்டி விரல்களையும் சேர்த்து வைத்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நீங்கள் இருவரும் உறவா என்று கேட்கிறார்.

சூசை போனை எடுத்தான். வாசகக் குரலில், ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்திப் பேசினான்.

"இவர் என் அக்காளின் கணவர். என் அக்காள் இறந்துவிட்டாள். அதன் பிறகு இவர் கடலுக்குப் போகவில்லை. என்னைக் கூப்பிடவும் இல்லை. நான் பத்து மாதமாகக் காத்திருக்கிறேன். அக்காளுக்காகத்தான் நான் கயிறு பிடித்தேன் என்று இவர் நினைக்கிறார்." கொஞ்சம் நிறுத்தினான். "முதல் வருடம் அக்காளுக்காகப் பிடித்தேன். மற்ற வருடங்கள் எல்லாம் இவருக்காகத்தான் பிடித்தேன்."

போன் அத்தனையையும் ஒரு பெண் குரலில் அந்த அம்மாவுக்குச் சொன்னது. எனக்குக் காப்பிக் கோப்பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். ஐந்து விரலையும் கூட்டிக் குவித்து, என் முகத்துக்கு நேரே ஆட்டி, என்னைத் திட்ட ஆரம்பித்தார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. நீ இருந்திருந்தால் இதையேதான் செய்திருப்பாய்.

வெளியே வந்து கேட்டேன். "ஏலே, வேற படகுக்குப் போறேன்னு சொன்னாவளே."

"கூப்பிட்டாவ. நான் போவலையே."

"எங்கிட்ட ஏன்ல இத சொல்லல?"

"நீரு கேட்டீரா?"

சந்து என்றும் பார்க்காமல் நின்று அழுதேன் பிலோமி. ஸ்கூட்டர்கள் எல்லாம் சுற்றிக்கொண்டு போயின. சூசை, "சரி வாரும் மச்சான், பசிக்கி" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தான். ஒரு ஆள் உயரத்துக்கு ஆவி பறக்கிற ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வாங்கித் தின்றோம். உன் துக்கத்துக்குப் பிறகு ருசித்துச் சாப்பிட்டது இன்றுதான்.

இப்போது அவன் பக்கத்துக் கட்டிலில் பெட்டியைத் திறந்து, மக்ரூன் எத்தனை நொறுங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறான். "அக்காவுக்கா எழுதுதீரு? நான் கேட்டேன்னு எழுதும்" என்கிறான். எழுதிவிட்டேன்.

நாளை மறுநாள் உன் மகள் வார்த்தைப்பாடு கொடுக்கிறாள். நான் இன்றே உன்னிடம் ஒன்று கொடுக்கிறேன். ஊரில் இறங்கியதும் நம் வீட்டுப் பூட்டைத் திறக்கமாட்டேன். முதலில் சூசை வீட்டு வாசலில் போய் நின்று, தெருவே கேட்க அவன் பெயரைச் சொல்லி, கடலுக்கு வா என்று கூப்பிடுவேன். அக்காளுக்காக வா என்று அவனிடம் சொல்லமாட்டேன். எனக்கு நீ வேண்டும், வா என்று சொல்லுவேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்,
நீ போன பிறகும் சூசைக்கு மச்சான்,
அந்தோணி