அப்பாவின் வண்டிக்குப் புது டயர் மாட்டினோம்

சைதாப்பேட்டை
புதன்கிழமை

அன்பு மகள் ஜொவிட்டாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், நீ அந்தக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்கிறாயா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வருகிற முதல் யோசனை. மாடி வீட்டு உம்மே ஹானியின் சினேகிதி டொரண்டோ வருகிறாள், அவள் பையில் உனக்கு இட்லிப் பொடியும் வத்தலும் கொடுத்து அனுப்புகிறேன், கூடவே இந்தக் கடிதமும். போனிலேயே சொல்லலாமே என்று நீ கேட்பாய். போனில் சொன்னால் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு அப்படியில்லை இப்படி என்று திருத்திக்கொண்டே இருப்பார், நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அசோக் நகரில் பின் டயர் வெடித்து அப்பா பைக்கோடு விழுந்தது உனக்குத் தெரியும். மணிக்கட்டு எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதுவும் தெரியும். நான் உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதற்கப்புறம் அவர் வாசலைத் தாண்டவே இல்லை. வண்டியைப் பழைய போர்வையால் மூடிவிட்டார். மார்க்கெட்டுக்குக் கூப்பிட்டால் கால் வலி என்பார், பூசைக்குக் கூப்பிட்டால் டிவியில் பார்த்துக்கொள்கிறேன் என்பார், ஆட்டோவில் போகலாம் என்றால் தலை சுற்றுகிறது என்பார். உன்னிடம் போனில் கலகலப்பாகப் பேசிவிட்டு வைத்ததும் மறுபடியும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். போன வாரம் பழைய இரும்புக்கடை வைரவனைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போ என்று சொல்லியும்விட்டார். வண்டி போனது போனதுதான் என்று ஆகிவிட்டால் இந்த மனுஷனை யாராலும் வெளியே இழுக்க முடியாது என்று எனக்குப் பட்டது. ஆனால் அவரிடம் சண்டை போடவில்லை. ஏனென்றால் நான் வேறொரு வேலையில் இருந்தேன். சாயங்காலம் வாக்கிங் போகிறேன் என்று உங்கள் இரண்டு பேரிடமும் சொன்னேன் அல்லவா, அது வாக்கிங் இல்லை. கோயில் மைதானத்தில் உம்மே ஹானி எனக்கு அவள் பைக்கை ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பாடம் எடுக்கப் பள்ளிக்கூடத்துக்கு அத்தனை வருஷம் ஸ்கூட்டரில் போனவள்தானே நான், கியரும் கிளட்சும் மட்டும்தான் புதுசு. முதல் நாள் எகிறிக்குதித்து நின்றதில் இடுப்பு பிடித்துக்கொண்டது, கொடியில் துணி போடும்போது பிடித்தது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

ஞாயிறு காலை பூசை முடிந்து வந்ததும் நானும் உம்மே ஹானியும் போர்வையை உருவினோம். புது டயரும் ட்யூபும் முதல் நாளே வாங்கி அவள் வீட்டில் வைத்திருந்தோம். நம் தெருமுனைப் பஞ்சர் கடை இப்போது இல்லை, மழைநீர்க் கால்வாய்க்காகத் தெரு ஓரத்தைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், அவர் கடையைத் தூக்கிக்கொண்டு எங்கோ போய்விட்டார். அதனால் வீட்டிலேயே பார்த்துவிடுவது என்று முடிவு. அந்தப் பெண் தினமும் தரமணி ஆபீசுக்கு பைக்கில் போகிறவள், ஸ்பேனர், டயர் லீவர், பஞ்சர் ஒட்டுகிற சாமான் எல்லாம் சீட்டுக்கடியிலேயே வைத்திருக்கிறாள், காற்றடிக்கிற கால் பம்ப்பும் வீட்டில் உண்டு. அப்பா உள்ளேயிருந்து, திங்கட்கிழமை போகிற வண்டிக்கு எதற்கு அலங்காரம் என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். பின்சக்கரத்தைக் கழற்றுவதற்குள் எங்கள் இரண்டு பேர் முகமும் கிரீஸ். பழைய டயர் ரிம்மோடு ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது, நான் அதன்மேல் ஏறி நின்று மிதித்தேன், என் எடைக்கு இப்படி ஒரு உபயோகம் இருக்கும் என்று நினைத்ததே இல்லை. புது டயரை ஒரு பக்கம் ஏற்றி, ட்யூபை உள்ளே வைத்து, மறுபக்கத்தை லீவரால் நெம்பி நெம்பி ஏற்றினோம். கடைசி ஒரு சாண் அகலம் மட்டும் ஏறவில்லை. உம்மே ஹானி பல்லைக் கடித்துக்கொண்டு நெம்பினாள், ஏறிவிட்டது. கைதட்டிவிட்டுக் காற்றடித்தால், அடிக்க அடிக்க உஸ் என்று ஒரு சத்தம்.

அப்போதுதான் ஜன்னல் திறந்தது. "லீவர் ட்யூபைக் கடிச்சிடுச்சு" என்றார் அப்பா. எவ்வளவு நேரமாக அங்கே நின்றாரோ தெரியாது. மறுபடி கழற்றி, ட்யூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டையைக் கண்டுபிடித்து ஒட்டினோம். நிமிர்ந்து பார்த்தால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் வாசற்படியில் நிற்கிறார். நெம்பாதே, எதிர்ப்பக்கத்தை முழங்காலால் அழுத்தி ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறக்கு, இந்தப் பக்கம் தானாக இடம் கொடுக்கும் என்றார். நான் முழங்காலை வைத்தேன், அந்தக் கடைசி சாண் கையாலேயே ஏறியது. காற்றடித்தோம், நின்றது. ஆனால் டயர் ஓரமாக ஓடுகிற மெல்லிய கோடு ஓரிடத்தில் மட்டும் ரிம்முக்குள் அமுங்கிக் கிடந்தது. இப்படியே ஓட்டினால் சக்கரம் தூக்கித் தூக்கிப் போடும் என்றார். காற்றை இறக்கச் சொன்னார், சோப்புத்தண்ணீர் கேட்டார், நான் கொண்டுவருவதற்குள் சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அடிபட்ட கையாலேயே சுற்றிலும் தடவினார், அங்கங்கே தரையில் தட்டி உருட்டினார். உம்மே ஹானி பம்ப்பை மிதித்தாள். டப் என்று ஒரு சத்தம், கொஞ்சம் பொறுத்து இன்னொரு டப். கோடு சுற்றிலும் ஒரே மட்டமாக வந்து உட்கார்ந்தது. அப்பா அதை விரலால் ஒரு சுற்று தடவிப் பார்த்தார். முகம் எனக்குத் தெரியாதபடி குனிந்துகொண்டார், நானும் பார்க்காத மாதிரி பம்ப்பை எடுத்து வைத்தேன்.

சக்கரத்தை மாட்டிப் பிரேக்கைச் சரிபார்த்ததும் யார் ஓட்டிப் பார்ப்பது என்ற பேச்சு வந்தது. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, என்னால் முடியாது ஆனி என்றார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் விழுந்ததிலிருந்து அவர் உண்மையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் சேலையை இழுத்துச் செருகி, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்டார்ட் பண்ணினேன். அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "நீங்க பின்னாடி உட்காருங்க" என்றேன். கேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உம்மே ஹானியைப் பார்த்தார், அவள் அவசரமாக மாடி ஏறிவிட்டாள். உட்கார்ந்தார். அடையாறு வரைக்கும் என் தோளை அவர் பிடித்த பிடியில் இன்னும் அங்கே கன்றிப்போயிருக்கிறது. திரும்பி வரும்போது பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. மூன்றாவது கியர் போடு, வண்டி முனகுகிறது என்று அதட்டினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் மறைத்தது, நல்லவேளை சிக்னல் சிவப்பாக இருந்தது. திங்கட்கிழமை வைரவன் வந்தபோது அப்பாவே வாசலில் நின்று, பழைய டயரை வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போ என்று அனுப்பிவிட்டார்.

நீயும் பனி வருவதற்குள் உன் கார் டயரையெல்லாம் கடையில் காட்டிவிடு, சோம்பல் படாதே. இட்லிப் பொடி டப்பாவில் ஈரக் கரண்டி போடாதே. மாதா உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், உன் வேலையும் மனசும் நன்றாக இருக்கட்டும். இன்னும் எழுதலாம், ஆனால் பட்டினப்பாக்கம் போய்க் கடல் பார்க்கணும் என்று உன் அப்பா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்று ஹாரன் அடிக்கிறார்.

ஆசியுடன் உன் அம்மா,
ஆனி ஃபிரெட்ரிக்