கேட்டில் தொங்கிய சிவப்புத் துண்டு

கோரமண்டல்,
ஞாயிறு மாலை.

அன்பு மகள் டீனாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அம்மாவும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்கு மாத்திரை போட்டு, வேளைக்கு ஒரு சண்டையும் போட்டுக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை ஜோஸும், இன்னும் முகம் காட்டாத எங்கள் பேரப்பிள்ளையும் அந்த ஜெர்மனிக் குளிரில் சுகமாக இருக்கவேண்டும் என்பதுதான் இங்கே தினமும் ஜெபம். நேற்றுத்தானே போனில் பேசினோம், இப்போது எதற்குக் காகிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டு ஸ்பீக்கரில் போடு என்கிறாள். இதில் எழுதப்போவது அவள் காதில் விழக்கூடாத சங்கதி. அவள் மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருக்கிறாள், திரும்பி வருவதற்குள் முடித்துவிட வேண்டும், அதனால் என் கையெழுத்து கோணல் மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் நீ அனுப்பிய கருவியைப் பற்றிச் சொல்கிறேன். அம்மாவின் விசாவுக்காக உங்கள் ஊர் அலுவலகத்தில் முத்திரை வாங்கி நீ அனுப்பிய அசல் அழைப்புக் கடிதம், வீட்டில் ஆள் இல்லை என்று ஜெர்மனிக்கே திரும்பிப் போனபோது நீ போனில் அழுதாய். தலைப்பிரசவத்துக்கு அம்மா பக்கத்தில் இருக்கவேண்டும், அந்தக் காகிதம் இல்லாவிட்டால் விசா கிடையாது, அழாமல் என்ன செய்வாய். ஆனால் ஆள் இல்லாமல் நாங்கள் எங்கே போனோம்? இரண்டு பேரும் குத்துக்கல்லாட்டம் வீட்டில்தான் இருந்தோம். அப்பாவின் காது மைன்ஸ் என்ஜின் ரூமிலேயே போய்விட்டது, அம்மா பின்னால் சமையலறையில் இருந்தால் வாசலில் இடி விழுந்தாலும் தெரியாது என்று நீயே தீர்ப்புச் சொல்லிவிட்டு, இரண்டாவது கடிதத்தை அனுப்பும்போதே உன் சிநேகிதி நிக்கோலிடம் சொல்லிப் பெங்களூரிலிருந்து சென்சார் வாங்கி அனுப்பினாய். அந்தப் பெண் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வந்து, ஒன்றைக் கேட்டிலும் ஒன்றைத் தபால் பெட்டியின் தகர மூடியிலும் ஒட்டினாள். கேட் திறந்தாலும் மூடி தூக்கினாலும் இங்கே என் சட்டைப்பையில் போன் அதிரும், அங்கே உன் போனும் சேர்ந்து அடிக்கும் என்றாள். அம்மா அவளுக்கு மட்டன் குழம்பு ஊற்றிச் சோறு போட்டு அனுப்பினாள்.

உண்மையைச் சொன்னால் டீனா, அது அதிரத் தொடங்கிய நாளிலிருந்து எனக்கு மறுபடி வேலை கிடைத்த மாதிரி இருந்தது. தங்கச் சுரங்கத்தில் வைண்டிங் என்ஜின் ஓட்டுகிறவனுக்கு, தான் ஏற்றி இறக்குகிற ஆள்கூண்டு, அந்தக் கேஜ், கண்ணில் படாது. ஷாப்டுக் குழிக்குள் எத்தனையோ ஆயிரம் அடி கீழே யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள், எல்லாம் மணிதான் சொல்லும். ஒரு மணி என்றால் நிறுத்து, மூன்று மணி என்றால் ஆட்கள் ஏறுகிறார்கள், பார்த்து ஓட்டு. அந்தப் பழக்கத்தில் நான் இங்கேயும் ஒரு சட்டம் போட்டுவிட்டேன். தெரிந்தவர்கள் யார் வந்தாலும் கேட்டை மூன்று தரம் திறந்து மூட வேண்டும், அப்போதுதான் தபால் இல்லை என்று தெரியும். பின் வரிசை லைன் வீட்டிலிருந்து பால் கொண்டுவரும் தங்கம்மா இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு தினமும் மூன்று தரம் ஆட்டினாள். உங்கள் ஊரில் நடுச்சாமத்தில் உன் தூக்கத்தைக் கெடுத்த புண்ணியவதி அவள்தான். எதிர் வீட்டு ஆடு கேட்டில் முதுகைத் தேய்த்ததற்கு நீ அங்கிருந்து பதறிப்போய், தபாலா அப்பா என்று கேட்டதை நினைத்து அம்மா இன்னும் சிரிக்கிறாள்.

ஆடு வந்தது, பால் வந்தது, கேஸ் சிலிண்டர் வந்தது, தபால் மட்டும் வரவில்லை. போன புதன்கிழமை நீ கூப்பிட்டு, கம்ப்யூட்டரில் பார்த்தேன் அப்பா, ரெண்டாவது கடிதத்துக்கும் ஆள் இல்லைன்னு போட்டிருக்கு, இதுவும் திரும்பி வந்தா அம்மா குழந்தை பிறந்த பிறகுதான் வரமுடியும் என்று சொன்னாய். அன்று காலைப் பாலுக்குப் பிறகு கேட் அசையவே இல்லை. எனக்கு வந்த கோபத்தில் சட்டைப் பொத்தானைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு தபால் ஆபீசுக்குப் போனேன். ஆள் வராமலே வந்ததாக எழுதுகிறார்கள், ஒரு கை பார்த்துவிடுவது என்றுதான் கிளம்பினேன். வழியில் இரண்டு இடத்தில் மூச்சு வாங்க நின்றேன், கோபம் மட்டும் நிற்கவில்லை.

நம் பக்கத்துத் தபால்காரர் இப்போது சிவகுமார். மாரிகுப்பத்து ஆள், தாத்தா மைன்ஸில் அண்டர்கிரவுண்டில் வேலை செய்தவர். நான் கத்தி முடிக்கும்வரை தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு சொன்னார், இன்னா சார் இப்படிப் பேசறீங்கோ, தெனமும் வந்துக்கினுதான் கீறேன், கேட்ல செவப்புத் துண்டு தொங்குது, நைட் ஷிப்ட் ஆளு தூங்கற வூட்ல எப்படி சார் கூப்புடறது, சின்ன வயசுல அப்படி ஒரு வூட்டாண்ட கத்துனதுக்கு எங்க தாத்தா என்னை வெளுத்துட்டாரு என்றார். சரி, தபால் வந்ததென்று ஒரு சீட்டாவது பெட்டியில் போட்டிருக்கலாமே என்றேன். அந்தத் தகர மூடி கிறீச்சுன்னு கத்துமே சார், அதான் தொடல என்றார். கையெழுத்துப் போட்டு வாங்கவேண்டிய தபாலை அடுத்த வீட்டில் கொடுக்கவும் முடியாதாம். அடுத்த வீட்டில்தான் யார் இருக்கிறார்கள், எல்லாரும் முதல் ரயிலுக்கே பெங்களூருக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

உனக்குத் துண்டு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. மைன்ஸ் மூடியபோது நீ சின்னப் பெண். நைட் ஷிப்ட் முடித்து நான் வந்து படுத்ததும் அம்மா கேட்டில் சிவப்புத் துண்டைப் போடுவாள். அதைப் பார்த்தால் மீன்காரி வாயை மூடிக்கொண்டு நடப்பாள், சண்டை போடுகிறவர்கள் நாலு வீடு தள்ளிப்போய்ச் சண்டை போடுவார்கள், உங்களையெல்லாம் தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைட் மேட்டுப் பக்கம் விளையாட விரட்டிவிடுவார்கள். ஒட்டி ஒட்டிக் கட்டிய லைன் வீட்டில் ஒரு சுவருக்கு அந்தப்பக்கம் தும்மினால் இந்தப்பக்கம் கேட்கும், அந்த வீட்டில் பட்டப்பகலில் நான் குறட்டை விட்டுத் தூங்கினேன் என்றால் அது மொத்த லைனும் எனக்குக் கொடுத்த தூக்கம். யாரும் எழுதி வைக்காத சட்டம் அது. இந்தக் குளிர்காலத்தில் எனக்கு ராத்திரியில் மூச்சு இழுக்க ஆரம்பித்து, உட்கார்ந்தே விடிந்து, பகலில்தான் கண் அசருகிறேன் என்றதும், அம்மா யாரையும் கேட்காமல் பெட்டியைத் திறந்து அந்தத் துண்டை எடுத்து மறுபடியும் கேட்டில் போட்டிருக்கிறாள். தெரு அமைதியாக இருக்கிறதே என்று நான் நினைத்தது உண்டு, ஆட்கள் குறைந்துவிட்டார்கள் என்றல்லவா நினைத்தேன். மைன்ஸ் சங்கு ஊதி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, அந்தத் துண்டுக்கு இன்னும் மரியாதை இருக்கிறது. சிவகுமாரைத் திட்டப் போனவன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கடிதம் மறுநாள் பையில் திரும்பிப் போக வேண்டியது. அம்மாதான் கையெழுத்துப் போடவேண்டும் என்பதால் சிவகுமார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என்னோடேயே நடந்து வந்தார். கேட்டில் துண்டு அப்படியே தொங்கியது, கோபத்தில் கிளம்பியபோது என் கண்ணில் படவே இல்லை, அம்மாவும் எடுக்க மறந்திருக்கிறாள். தூங்கவேண்டிய ஆள் பக்கத்திலேயே நிற்கிறேன், அப்போதும் அந்த மனுஷன் குரலைத் தாழ்த்தி, அக்கா, கொஞ்சம் வர்றீங்களா என்று கூப்பிட்டார். நான்தான் கேட்டை மூன்று தரம் ஆட்டினேன். உன் போன் அடித்தபோது நீ பஸ்ஸில் இருந்ததாகச் சொன்னாயே, அது அதுதான். இதுவரை உனக்குத் தெரிந்த கதை, தெரியாதது இனிமேல்தான்.

அன்று சாயங்காலம் அம்மா கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக் கேலி செய்தேன். அவள் சொன்னாள், மொதல் கடுதாசி திரும்பிப் பூட்சின்னு சொன்னப்போ எனக்குப் பாரம் எறங்கின மாதிரி இருந்திச்சி, பொண்ணு அங்க அழுவுது, நான் இங்க அப்பாடான்னு உக்காந்துக்கினு கீறேன், நானெல்லாம் ஒரு அம்மாவா என்றாள். துண்டைத் தெரிந்தே போட்டாளோ என்று ஒரு நிமிஷம் எனக்கும் தோன்றியது, கேட்டும்விட்டேன். கர்த்தர் சத்தியமா இல்ல, நீங்க தூங்கணும்னுதான் போட்டேன் என்றாள். நான் நம்புகிறேன். உங்க மூச்சு இப்படி இருக்கும்போது உங்கள உட்டுட்டு நான் எப்படிப் போவேன், அவளயும் எப்படித் தனியா உடுவேன் என்று கேட்டாள். எனக்கும் பயம்தான் டீனா, அவள் இல்லாத வீட்டில் நான் ஒரு வாரம்கூட இருந்ததில்லை. ஆனாலும் நீ போகத்தான் வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். தங்கம்மா மூன்று வேளையும் சாப்பாடு தருகிறேன் என்றிருக்கிறாள். விசா நேர்காணலுக்கு வருகிற வெள்ளிக்கிழமை நானே அவளைப் பெங்களூருக்குக் கூட்டிப் போகிறேன்.

போவதற்கு அவள் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள். கேட்டில் இருக்கிற சென்சாரைக் கழற்றி எங்கள் படுக்கையறைக் கதவில் ஒட்டவேண்டுமாம். காலையில் நான் எழுந்து கதவைத் திறந்தால் அங்கே அவள் போன் அடிக்க வேண்டும், அது அடித்த பிறகுதான் அவள் படுப்பாளாம். நிக்கோலிடம் சொல்லி அதற்கு ஏற்பாடு செய். அவள் அழுதது உனக்கும் எனக்கும் நடுவில் இருக்கட்டும், அம்மா இதை உன்னிடம் ஒருநாளும் சொல்லமாட்டாள், நீயும் கேட்காதே, பெற்ற தாய்க்கு உன்மேல் பாசம் குறைவோ என்று தப்பாகவும் நினைக்காதே. அவளுக்கு இரண்டு பக்கமும் இழுக்கிறது, அவ்வளவுதான்.

மாடிப்படியில் பார்த்து நட, இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, மாப்பிள்ளையைச் சும்மா விரட்டாதே. கர்த்தர் உன்னையும் உன் வயிற்றுப் பிள்ளையையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. கடைசியாக ஒன்று. அம்மாவுக்கு இரண்டு ஊர் நேர வித்தியாசம் இன்றுவரை பிடிபடவில்லை, அங்கே வந்த பிறகு தயவுசெய்து நீ அதைச் சொல்லிக்கொடுத்துவிடாதே. இங்கே நிஜமாக விடிகிறவரை காத்திருந்தால் அங்கே நடுச்சாமம் தாண்டிவிடும். அவள் அங்கே படுக்கப் போகிற நேரம் இங்கே நடுராத்திரி, நான் எப்படியும் முழித்துத்தான் உட்கார்ந்திருப்பேன். அந்த நேரத்துக்கு எழுந்து ஒரு தரம் கதவைத் திறந்து மூடிவிடுகிறேன், எனக்கு விடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு அவள் தூங்கட்டும்.

என்றும் உன் அன்புள்ள அப்பா,
கிளமெண்ட்