சுந்தரம்மாள் இறக்கிவைத்த பாரம்

1934 ஜூலை 10, செவ்வாய்

மூன்றாம் வகுப்புக்கு இன்று வாய்ப்பாடு. ஏழு வந்ததும் எல்லாரும் ஊமையாகிவிடுகிறார்கள். சாயங்காலம் சுந்தரம்மாளும் நானும் ஜெபக்கூடத்தைக் கழுவிவிட்டோம். வெள்ளிக்கிழமை முதல் சபையில் எழுப்புதல் கூட்டம்; திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிரசங்கியார் வருகிறார். "இந்தத் தடவையாச்சும் நீ வாயத் தொறந்து பாடணும் அழகு" என்றாள். நீ பாடினால் திருப்பரங்குன்றம் வரைக்கும் கேட்கும், நான் வேறு எதற்கு என்றேன். தலையில் குட்டினாள்.

இந்தப் பள்ளிக்கூடத்துக்கு நான் வாத்தியாரம்மாவாக வந்து ஐந்து வருஷம். அவளும் இங்கே வாத்தியாரம்மா; வேலை கேட்டு வந்தபோது அவள் அறையில்தான் தங்கினேன், அன்றிலிருந்து ஒரே அறை, ஒரே அடுப்பு. கூடப் பிறந்திருந்தால்கூட இவ்வளவு ஒட்டியிருக்க மாட்டோம்.

ஜூலை 13, வெள்ளி

பிரசங்கியார் அழவைக்காமல் விடமாட்டார் போலிருக்கிறது. மறைத்த பாவம் உள்ளே சீழ்பிடிக்கும் என்றார். சுந்தரம்மாள் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லையாம்.

ஜூலை 15, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுதாவிட்டால் கத்திவிடுவேன்.

ஒவ்வொருவராக எழுந்து பாவ அறிக்கை செய்தார்கள். ஒருவர் கள் குடித்ததைச் சொன்னார். ஒருத்தி மாமியாரைச் சபித்ததைச் சொன்னாள். அப்புறம் சுந்தரம்மாள் எழுந்தாள். அழுதுகொண்டே சொன்னாள். "வேதத்தத் தொட்டுப் பொய் சொன்னேன். அழகம்மாள் விதவைதான், புருஷன் காலராவுல செத்துட்டாருன்னு இந்தப் பள்ளிக்கூடத்துல சாட்சி சொன்னேன். அவரு உசுரோடதான் இருக்காரு. அலங்காநல்லூர்ப் பக்கம்."

என் பேர். என் ஊர். அம்புட்டுச் சனத்துக்கு முன்னால்.

ஸ்தோத்திரம் என்றார்கள்! ஸ்தோத்திரமாம்.

அடிப்பாவி, உன்கிட்ட மட்டுந்தானே சொன்னேன்? வேலை கேட்டு வந்தப்ப, குளிக்கையில என் தோள்ல சூட்டுத் தழும்பப் பாத்துட்டு நீதானே எண்ணெய் தடவிவிட்டு அழுத? வீரணன் அரிவாளைக் காய்ச்சி வச்சதுன்னு உன்னைத் தவிர இங்க யாருக்குத் தெரியும்? கலியாணத்தைத் தீத்துவிடச் சொல்லி எங்கய்யா பஞ்சாயத்துல கேட்டாரே, "உசுரு இருக்கிறவரைக்கும் அவ என் வீட்டு மாடு"ன்னு அவன் சொன்னானே, அதையும்தானே சொன்னேன்? அதுக்கப்புறமும் — நம்பவச்சுக் கழுத்தறுத்துட்டியேடி.

ஜூலை 16, திங்கள்

மிஸ்ஸியம்மா கூப்பிட்டனுப்பினார். பள்ளிக்கூடமே அவர் கையில்தான் இருக்கிறது. வெள்ளைக்காரியானாலும் தமிழில் திட்டத் தெரியும். ஆனால் இன்று திட்டவில்லை. ஏன் பொய் சொன்னாய் என்றார். உண்மையைச் சொல்லியிருந்தால் சேர்த்திருப்பீர்களா என்றேன். சேர்த்திருக்க மாட்டேன் என்று ஒப்புக்கொண்டார்.

கமிட்டி கூடும்வரை வகுப்புக்குப் போகக்கூடாது. திருவிருந்து அப்பத்தில் பங்கு கிடையாது. எங்கள் சபைப் போதகரும் அங்கே இருந்தார். நானும் சபைக்கு முன்னால் நின்று மனந்திரும்பினால் எல்லாம் சுலபமாகிவிடும் என்றார்.

பொய் சொன்னது தப்புதான். அதற்கு எத்தனையோ தடவை ஆண்டவரிடம் அழுதாயிற்று. ஆனால் இவர்கள் வீரணனை விட்டு ஓடிவந்ததற்கும் சேர்த்து மனந்திரும்பச் சொல்கிறார்கள். அது மட்டும் என்னால் முடியாது.

ஜூலை 18, புதன்

ஒரே அறையில் இருந்துகொண்டு பேச்சில்லை. இன்று அவளே வந்தாள்.

"அழகு, நெஞ்சுல கிடந்த பாரம் இறங்கிருச்சு. நீயும் சொல்லிரு. லேசாயிரும்."

"இறக்கி எங்க வச்ச? என் தலையிலதானே?"

"கர்த்தர்கிட்ட மன்னிப்புக் கேட்டுத்தான சொன்னேன்."

"என்கிட்ட கேட்டியா? எந்திரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை? 'சொல்லப்போறேன், எங்கிட்டாவது போயிரு'ன்னு ஒரு வார்த்தை?"

முழித்தாள். அது அவளுக்குத் தோன்றவே இல்லை. வேண்டுமென்றே செய்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. ஆண்டவர் வரைக்கும் எட்டிப் பார்த்தவளுக்குப் பக்கத்துப் பாயில் படுத்திருந்த நான் ஞாபகம் வரவில்லை.

ஜூலை 22, ஞாயிறு

எழுப்புதல் கூட்டம் முடிந்து திருவிருந்து. அவள் முன்வரிசையில் முக்காடிட்டு அப்பம் வாங்கினாள். நான் கடைசி பெஞ்சில். சூடு போட்டவன் ஊரில் இருக்கிறான், காட்டிக்கொடுத்தவள் பந்தியில் இருக்கிறாள், நான் வெளியே.

போதகர் அவளைப் பெயர் சொல்லாமல் உதாரணம் காட்டிப் பிரசங்கித்தார். பெயர் சொல்லாமல் பேசுவது எப்படி என்று அவருக்குத் தெரிந்திருக்கிறதே, அதை அவளுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

ஆகஸ்ட் 1, புதன்

வாசல் காவல் மலையாண்டி அண்ணன் அடுப்படிக்கே வந்துவிட்டார். "தாயி, காளவாசல்ல ஒரு ஆளு நம்ம பள்ளிக்கூடத்துக்கு வழி கேட்டுக்கிட்டுத் திரியுறான். பேரு வீரணனாம்."

எங்கே போவேன்? அய்யாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். சுந்தரம்மாள் கேட்டுக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்துவிட்டது. இப்பத்தான் புரியுதாக்கும்.

ஆகஸ்ட் 2, வியாழன்

வந்தான்.

அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றேன். குரலைக் கேட்டதும் தோள் தானாகச் சுருங்கியது. வாசலுக்குப் போனவள் சுந்தரம்மாள். போதகரும் மிஸ்ஸியம்மாவும் வராந்தாவில். முடிந்தது என்று நினைத்தேன். உண்மை பேசுகிறவள் ஆயிற்றே.

"என் பொண்டாட்டி இங்கதான் இருக்காளாம். வரச் சொல்லுங்க."

"இருந்துச்சு. இப்ப இல்லை."

"எங்க?"

"அது கதைய நான் சபையில சொல்லிப்புட்டேன். மானம் போயிருச்சுன்னு கிணத்துல விழுந்துருச்சு. அடக்கம் பண்ணியாச்சு. என்னாலதான்யா செத்துச்சு."

சொல்லிவிட்டு அழுதாள். அன்று கூடத்தில் அழுத அழுகை இல்லை இது. சொன்னது பொய், அழுதது பொய்யில்லை.

"உங்க வேதத்தத் தொட்டுச் சொல்லு."

உள்ளே போய் எடுத்துவந்தாள். தொட்டாள். சொன்னாள்.

போதகர் ஏதோ பேச வாயெடுத்தார். மிஸ்ஸியம்மா கையைக் காட்டி அடக்கிவிட்டார்.

அவன் துண்டை உதறித் தோளில் போட்டான். "செத்ததையாவது எனக்குச் சொல்லிவிட்டிருக்கணும்ல? சரி, வைகையில ஒரு முழுக்குப் போட்டுட்டுப் போறேன்." போய்விட்டான். கண் கலங்கக்கூட இல்லை.

ஆகஸ்ட் 3, வெள்ளி

செத்தவள் மதுரையில் ரொம்ப நாள் நடமாட முடியாது. பழநிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மிஸ்ஸியம்மா எழுதிக் கொடுத்துவிட்டார். வீரணனை நேரில் பார்த்த பிறகு அவர் மனந்திரும்புதலைப் பற்றி என்னிடம் பேசவில்லை. திங்கட்கிழமை புறப்பாடு.

சுந்தரம்மாளுக்கு நன்றி சொல்லவேண்டும். வாய் வரவில்லை. அவனைத் திருப்பி அனுப்பியது அவள்தான். வரவழைத்ததும் அவள்தானே?

ஆகஸ்ட் 5, ஞாயிறு

ஆராதனைக்கு முன் போதகர் எங்கள் இரண்டு பேரையும் தம் அறைக்குக் கூப்பிட்டார். வேதத்தைத் தொட்டு இரண்டாந்தடவை பொய் சொல்லியிருக்கிறாய், அறிக்கை செய், இல்லையென்றால் உனக்கும் திருவிருந்து இல்லை என்று அவளிடம் சொன்னார்.

"அந்தப் பொய்க்கு எனக்கு மனசு வருத்தப்படலங்கய்யா. போன மாசம் உண்மையச் சொன்னேன்ல, அதுக்குத்தான் வருத்தப்படுது. அதுக்கு அறிக்கை கேளுங்க, செய்யுறேன்."

போதகர் மேலங்கியை மாட்டிக்கொண்டார்.

நான் முதலில் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அவள் கொஞ்ச நேரம் கழித்து வந்தாள். சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. முன்வரிசைக்குப் போகவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றாள், உட்காரவில்லை.

"அழகு, இங்க உக்காரட்டுமா?"

மன்னித்துவிட்டேன் என்று எழுத இன்னும் கை வரவில்லை. பொய் எழுதக்கூடாது. ஆனால் இந்தத் தடவை கேட்டாள். கேட்டுவிட்டு நான் சொல்கிறவரைக்கும் நின்றாள்.

தள்ளி உட்கார்ந்து இடம் விட்டேன்.