தடுப்பைக் கழற்றிய கட்டில்

அன்புள்ள கப்பல்காரருக்கு,

நான் நலம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பாய்வீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கத்துங்கள்.

கட்டில் முடிந்துவிட்டது. நீங்கள் வரைந்து கொடுத்தபடியே மூன்று வேலைக்கும் ஆகும். சுற்றித் தடுப்பை மாட்டினால் கைக்குழந்தைக்கு. தடுப்பைக் கழற்றிக் கால்மாட்டை இழுத்து நீட்டினால் வளர்ந்த பிள்ளைக்கு. பள்ளிக்குப் போகும் வயதில் பலகையை உயர்த்தி மாட்டினால் மேஜை. கீழே துணி வைக்க இழுப்பறை. அது மட்டும் உங்கள் அளவில் கட்டில் காலில் போய் இடித்தது. பெரிய இன்ஜினியர்தான் போங்கள்! மாற்றிவிட்டேன். பள்ளிக்கூட பெஞ்சு செய்தே பழகிய கை, முனைகளை உருட்டத்தான் திணறிப்போனேன். பட்டறையில் எல்லோரும், "என்னக்கா, வீட்டுக்காரருக்குப் போட்டியா நீயும் கப்பல் கட்டுறியா?" என்று ஒரே கிண்டல்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தத்தெடுக்க நாம் எழுதிக் கொடுத்திருந்த குழந்தைகள் இல்லத்திலிருந்து மேடம் கூப்பிட்டார். கைக்குழந்தை இப்போதைக்கு இல்லையாம், நாலு வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள், வந்து பார்க்கிறீர்களா என்றார். கைக்குழந்தைதான் வேண்டும் என்று நீங்கள் ஒற்றைக்காலில் நின்றது நினைவிருக்கிறது. பார்த்தால் என்ன குறைந்துவிடும் என்று போனேன். எனக்குப் பிடித்துவிட்டது. அதை வளைத்து வளைத்து எழுத எனக்கு வராது.

இப்போது நம் வீட்டில்தான் இருக்கிறாள், சும்மா பழகிப் பார்க்க. நீங்களும் வந்து கையெழுத்துப் போட்டால்தான் நம்மோடு இருப்பாள், இல்லையென்றால் திரும்பக் கொண்டுபோய் விடவேண்டும். மிரட்டவில்லை, அவர்கள் விதி அப்படி.

சரியான வாயாடி. நேற்று ஆணி டப்பாவைக் கொட்டிவிட்டு, குட்டி ஆணியெல்லாம் தனக்கு, பெரிய ஆணியெல்லாம் எனக்கு என்று பாகம் பிரித்தாள். வெண்டைக்காய் என்றால் உங்களைப் போலவே முகத்தைச் சுளிக்கிறாள்.

வந்த அன்று தடுப்பைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். அது என்ன என்று கேட்டாள். பாப்பாவுக்கு மாட்டுவது, முதலில் பாப்பாவுக்காகத்தான் இதைச் செய்தேன் என்று யோசிக்காமல் உளறிவிட்டேன். அந்தத் தடுப்பை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். பிறகு கட்டிலில் ஏறி, முழங்காலை நெஞ்சோடு மடக்கிப் படுத்துக்கொண்டு, "இப்படிப் படுத்தா நானும் சின்னதுதானே? அதை மாட்டிடுங்க" என்றாள். அடுப்பைப் பார்ப்பதுபோல் உள்ளே போய் அழுதேன்.

அன்றிலிருந்து அப்படிச் சுருண்டுதான் தூங்குகிறாள். கால்மாட்டை இழுத்துவிட்டிருக்கிறேன், இடம் தாராளமாகக் கிடக்கிறது. நீட்டிப் படு கண்ணு என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். "அங்கிள் வந்து பாக்கட்டும். அவரு சரின்னு சொன்னா நீட்டுறேன்" என்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கப்பல் கரை சேர்ந்ததும் எங்கேயும் சுற்றாமல் நேரே வீட்டுக்கு வாருங்கள். வந்து, அவளைக் காலை நீட்டிப் படுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி