கிழிந்த துண்டு

கங்கப்பா,

இதனால் அறிவிப்பது என்னவென்றால், எங்கள் கிழட்டுச் சேவல் நேற்று முதல் கூவுவதை நிறுத்திக்கொண்டது. ஓசூரே துக்கத்தில் இருக்கிறது.

ஊத்தங்கரை மாமன் வீட்டுக்கு நீ போய் மூன்று மாதம். நாலு கார்டு போட்டும் பதில் இல்லை. உடைந்தது கால்தானே, கையுமா?

இங்கே நான் வீரன். அஞ்செட்டி மலை இடுக்கில், நீ பிடித்து ஏற மேலிருந்து நான் இறக்கிய துண்டு கிழிந்து நீ விழுந்ததையும், உன்னை முதுகில் சுமந்து பாறை பாறையாக நான் இறங்கியதையும் சந்தையில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். சொல்லச் சொல்ல மலை வளர்கிறது.

நேற்று உன் அம்மா என்னை உட்காரவைத்துக் களி போட்டு, "துண்டு கிழிஞ்சதுக்கு நீ என்னடா பண்ணுவ சாமி? நீ இருந்ததாலதான் எம்புள்ள பொழச்சான்" என்று அழுதார். பாதிக் களியோடு எழுந்து வந்துவிட்டேன்.

நீயாவது திட்டி எழுதியிருக்கலாம். தெரிந்தும் சும்மா இருக்கிறாயே என்று உன்மேல்தான் எனக்குக் கோபம்.

துண்டு கிழியவில்லை. உன் கனம் என்னையும் இழுத்தது, பயந்து துண்டை விட்டுவிட்டேன். நீ மயங்கிக் கிடந்தபோது அதைப் பல்லால் கிழித்தேன். உன்னைச் சுமந்தது ஆடு மேய்க்க வந்தவர்கள். நான் உன் செருப்பைத்தான் தூக்கி வந்தேன்.

அது இன்னும் எங்கள் வீட்டில்தான் கிடக்கிறது.

இப்படிக்கு,
மேலே நின்றவன்