நிரோஷா வாசிக்காமல் எழுதிய விடை

என் அன்புக்கும் அடிதடிக்கும் உரிய முருகேசு மச்சான்,

இந்தச் சங்கதியை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. உன் மருமகள், வகுப்பில் எப்போதும் முதலாவதாக வரும் நம்ம நிரோஷா, வாசிப்பில் கோட்டை விட்டுவிட்டாள். நீ பதறாதே. நான் பதறி முடித்து, இப்போது குதித்துக்கொண்டிருக்கிறேன்.

எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே தாளாக ஒரு வாசிப்புச் சோதனை வைத்தார்கள். புத்தகத்தில் இல்லாத புதுப் பந்தி. அதை வாசித்து விளங்கி விடை எழுத வேண்டும். நம்ம பிள்ளைக்குக் கிடைத்தது ஆகக் கடைசித் தரம்.

சுவரோடு சுவர் ஒட்டிய நம்ம தோட்டத்து லயத்தில் படிப்பென்றால் சத்தம்தானே மச்சான்? விடிய முன்னமே அவள் பாடமாக்குவது கடைசி வீட்டுக் காம்பரா வரை கேட்கும். "ஒங்க மக புண்ணியத்துல எனக்கும் சுவாசத் தொகுதி மனப்பாடமாயிருச்சுங்க" என்பாள் பக்கத்து வீட்டு ராஜம்மா. சத்தம் நின்றால் "என்னடி, படிக்கலயா?" என்று அதட்ட நான் இருந்தேன். திருவிழாவுக்குத் திருவிழா மைக் கட்டி, அவளை நாற்காலியில் ஏற்றி, பேச்சை ஒப்பிக்க வைக்க நீ இருந்தாய். அவள் முடிக்கும் முன்பே கைதட்டுகிறவனும் நீதான்.

சோதனை முடிவு வந்த அன்று பையைக் கட்டிலில் போட்டுவிட்டுச் சொன்னாள்: "இனி பள்ளிக்கொடம் போகமாட்டேன்ப்பா. இத்தன நாளா எல்லாரையும் ஏமாத்திட்டேன்." பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகிற பிள்ளை. அவளை எப்படியோ சமாதானப்படுத்தி, நானும் உன் தங்கச்சியும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கும் தமிழ் டீச்சர் அந்தத் தாளை என் கையில் தந்தார். "நீங்களும் ஒருக்கா பாருங்கோ ஐயா."

முதல் வரியிலேயே தேயிலை! ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் கொழுந்து விஷயத்தில் என்னிடமேவா? நேராகக் கேள்விக்குத் தாவினேன். 'தேவகியின் கொழுந்து ஒரு நாளில் எத்தனை தடவை நிறுக்கப்பட்டது?'

"மூணு தரங்க டீச்சர்! காலையில, பகல்ல, அந்திக்கு. கணக்கப்பிள்ளை நிறுப்பாரு!"

நிரோஷா என்னையே பார்த்தாள். அவளும் அதையேதான் எழுதியிருந்தாள், என்னைவிட அழகான தமிழில்.

"ஐயா, ரெண்டாவது பந்தி வாசிச்சனீங்களோ?" என்றார் டீச்சர்.

வாசித்தேன். தேவகிக்குச் சொந்தத்தில் ஒரு துண்டுத் தோட்டம். கணக்கப்பிள்ளையும் இல்லை, ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டும் இல்லை. அந்தியில் லொறி வரும். ரோட்டோரத்தில் ஒரே ஒரு தரம் நிறுப்பார்கள். எல்லாம் கறுப்பு எழுத்தில் கண்முன்னே இருக்கிறது! நீயாக இருந்தாலும் மூணு என்றுதானே கத்தியிருப்பாய்?

"அப்பனும் மகளும் ஒரே குட்டையில ஊறுன மட்டைங்க" என்றாள் உன் தங்கச்சி. நிரோஷா வாய்விட்டுச் சிரித்தாள் மச்சான்! முடிவு வந்த பிறகு அன்றுதான் சிரித்தாள்.

சிரித்தவள் தாளை என் கையிலிருந்து பிடுங்கி, முதலிலிருந்து சத்தமே இல்லாமல் வாசித்தாள். பிறகு தலையை நிமிர்த்தினாள். "தேவகி ஏன் பேசலன்னு கேட்ட கடைசிக் கேள்வியிலயும் நான் தப்புப்பா, கோவம்னு எழுதிட்டேன். தேவகிக்குக் கோவமில்ல. லொறி வராமப் போயிருமோன்னு பயம். அதான் யாரோடயும் பேசாம நிக்கிறா." அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

"ஞாபகசக்தி கூடின பிள்ளையளுக்கு இந்தக் குறை வெளியில தெரியாது" என்றார் டீச்சர். "புள்ளிகள் மூடி வைச்சிடும். இப்பவே தெரிஞ்சது நல்லதாப் போச்சு." பிள்ளை யாரையும் ஏமாற்றவில்லை. வாசிப்பது வேறு, ஒப்பிப்பது வேறு என்று அவளுக்கு யாருமே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இப்போது பொகவந்தலாவை பஜாரில் வடை சுற்றித் தரும் பேப்பரைக்கூட அவள் விடுவதில்லை. வாசித்துவிட்டு என்னிடம் நீட்டுவாள். பிறகு கேள்வி கேட்பாள். எண்ணெய் பட்ட இடத்தில் எழுத்து தெரியவில்லை என்று நானும் தப்பிக்கப் பார்க்கிறேன், விடமாட்டேன் என்கிறாள்.

நேற்று ராஜம்மா வாசலில் நின்று கேட்டாள்: "என்னங்க, புள்ளைக்குக் காச்சலா? சத்தத்தையே காணோம்?"

"உஸ்! படிக்கிறா" என்றேன். இப்படி ஒரு வார்த்தை என் வாயில் வரும் என்று நீ நினைத்திருப்பாயா?

நீ போன பிறகு உன் திதிக்கும் மைக் கட்டுகிறோம்; வழக்கம்போல அவள் ஏதாவது ஒப்பிப்பாள் என்று லயமே காத்திருக்கிறது. ஒப்பிக்க மாட்டாள். இந்தக் கடிதத்தைத்தான் வாசிக்கப் போகிறாள். அதுவரை அவள் கண்ணில் காட்டமாட்டேன், இது சத்தியம். மைக் முன்னால் நிற்கும்போதுதான் கையில் கொடுப்பேன். தடுக்கினால் தடுக்கட்டும். வாசித்து முடித்ததும், இதை எழுதியவன் எதற்காக இப்படிக் குதிக்கிறான் என்று நானே எழுந்து கேட்பேன்.

அவள் பதில் சொல்லும் வரைக்குமாவது பொறுமையாக இரு மச்சான். பாதியிலேயே கைதட்டிவிடாதே.

உன் தங்கச்சி புருஷன்,
இரண்டாவது பந்தியை இப்போது விடாமல் வாசிக்கும்
செல்வராஜ்