நீர் கோத்துக்கொண்ட செல்

அக்கா,

இன்று ஆய்வகத்தில் பக்கத்து மேசைக்காரருக்குக் கடும் சளி. அவர் தைலப் புட்டியைத் திறந்ததும் அந்த நெடி அறை முழுக்கப் பரவியது. எழுந்து வெளியே போய்விட்டேன். நீ போய் இத்தனை வருடமாகியும் அந்த நெடி எனக்கு ஆகவில்லை. ஏன் என்று அவரிடம் சொல்ல முடியாது. உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

நீ நடவுக்குப் போய்ப் படிக்க வைத்த தங்கை ஜெர்மனிக்கு வந்த வருடம், மேட்டூர் அணையை நேரத்துக்குத் திறக்கவில்லை. நம் ஊரோ கடைமடை. நாற்றங்கால் கருகிக் கிடந்தது. அங்கே உனக்கு என்ன வேலை என்று போனில் கேட்டாய். ஹைட்ரஜனும் காற்றும் சேர்ந்து மின்சாரம் தரும் செல் ஒன்று இருக்கிறது, அதில் தண்ணீரும் ஊறும், ஒரு மெல்லிய கரித்தாளின் நுண்துளைகள் வழியாக அது வடிந்துவிட வேண்டும், வடியாமல் துளைகளை அடைத்துக்கொண்டால் காற்று புகாமல் செல் நின்றுபோகும் என்றேன். அந்தத் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று எக்ஸ்ரேயில் படம் எடுப்பதுதான் என் வேலை என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாய்.

"இங்க தண்ணிய கண்ணால பாக்க முடியல. நீ அதப் பாக்கவாடி அவ்ளோ தூரம் போன?"

அத்தனை விளக்கியும் உன் மனதில் நின்றவை செல், தண்ணி என்ற இரண்டு சொற்கள்தான். தங்கச்சி வெளிநாட்டில் தண்ணீர் புகுந்த செல்போன் பழுது பார்க்கிறாள் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாய். நான் லீவில் வந்தபோது எதிர்வீட்டுக்காரர், சேற்றில் விழுந்த தன் போனைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து நின்றார். நான் விழிக்க, நீ அடுப்படியில் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். அதன் பிறகு இங்கே செல் நின்றுபோகும் நாளெல்லாம், இன்றைக்கும் நீர் கோத்துக்கொண்டது என்று உன்னிடம் சொல்வது வழக்கமாகிவிட்டது.

அதற்கடுத்த ஐப்பசியில் நீயே போனில் கூப்பிட்டாய். பின்னால் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"எனக்கும் ஒன் செல்லு மாதிரிதாண்டி. நீர் கோத்துக்கிச்சு."

ஐப்பசி மழையில் நம் ஊரில் யாருக்குத்தான் நீர் கோக்காது? தும்மினாலும் அதைத்தான் சொல்வோம், தலை பாரமானாலும் அதைத்தான் சொல்வோம். தைலம் போட்டு ஆவி பிடி, தலைக்குக் குளிக்காதே என்றேன். பிறகு அன்று எடுத்த படங்களைப் பற்றி நானே பேசிக்கொண்டிருந்தேன். உனக்கு மூச்சு வாங்கியது என் காதில் விழுந்தது. மழைக்குக் கத்திப் பேசுகிறாய் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று நாள் ஆவி பிடித்தாயாம். உன் வீட்டுக்காரர் டாக்டரிடம் கூப்பிட்டதற்கு, "படிச்சவ சொல்லியிருக்கா" என்றாயாம். மாமா இதை என்னைக் குறை சொல்லும் விதமாகச் சொல்லவில்லை. குறை சொல்லியிருக்கலாம்.

நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. சீர்காழி ஆஸ்பத்திரியில் கடைசியாக எடுத்த எக்ஸ்ரேயை மாமா என்னிடம் கொடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நாங்கள் காய்ந்த செல்லை ஒரு படம், ஓடும் செல்லை ஒரு படம் எடுத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிப்போம், மிஞ்சுவதுதான் தண்ணீர். உன் படத்தில் எதையும் கழிக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு நுரையீரலும் பாதிக்கு மேல் வெளுத்திருந்தன.

என்ன தெரிகிறது என்று மாமா கேட்டார். தண்ணீர் என்றேன்.

"முன்னாடியே போயிருந்தா அந்தத் தண்ணிய எடுத்திருக்கலாமா?"

தெரியவில்லை என்றேன். இருதயம் ரொம்ப நாளாகவே பலவீனம் என்று டாக்டர் சொன்னாராம், அதனால் அது முழுப் பொய்யும் இல்லை. ஆனால் மாமாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறேன். தலைமுடியைவிட மெல்லிய துளைக்குள் நிற்கும் துளியைக்கூடத் திரையில் காட்டிவிடுகிறேன். அது பெருகுவதையும், காற்று போகும் வழி ஒவ்வொன்றாக அடைபடுவதையும், செல் நின்றுபோவதையும் உட்கார்ந்து பார்க்கிறேன். பார்க்கத்தான் முடிகிறது.

ஊரிலிருந்து யார் பேசும்போதும், நீர் கோத்திருக்கிறது என்று சொன்னால் உடனே "எங்க?" என்று கேட்டுவிடுகிறேன். உன் மகள் சிரிக்கிறாள். தலையில்தான் சித்தி, வேறு எங்கே கோக்கும் என்கிறாள். படுத்தால் மூச்சு வருகிறதா என்று மறுபடியும் கேட்கிறேன். உன்னிடம் மட்டும் நான் கேட்கவில்லை, அக்கா. கேட்டிருந்தால், நெஞ்சில என்று நீ சொல்லியிருப்பாய்.